மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

மயூரி மூன்றில் ஒரு காலும் நான்கில் ஒரு காலுமாக நின்றாள்.

சிவப்புச் சீமெந்துத் தரை. வாசற்கதவிலிருந்து கடல் பக்கத்து யன்னல் வரை நான் வெண்கட்டியால் இழுத்திருந்த நீளக்கோடு. அதில் ஓரடிக்கு ஒன்றாகப் பூச்சியம் முதல் இருபது வரை எண்கள். “உங்க வீட்டில எத்தன பேரோ, அந்த எண்ணுக்குப் பக்கத்தில போய் நில்லுங்க” என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். ஐந்தில் ஒரே நெரிசல். ஒருத்தி பதினொன்றில் தனியாக நின்று பெருமையோடு எல்லோரையும் பார்த்தாள். விசாவுக்காக வந்த சொந்தக்காரர் எல்லோரும் அவள் வீட்டில்தான்.

மயூரி மட்டும் நடுவில் நின்றாள்.

“ஒரு எண்ணிலதான் நிக்கணும் பிள்ளை. உங்க வீட்டில எத்தன பேர்?”

அவள் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள்.

“எண்ணுறது மூண்டு பேர் டீச்சர்” என்றாள், மிக மெதுவாக.

“எண்ணாதது?”

 அவள் எதற்கோ காத்திருந்தாள். அவள் கண் யன்னலை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் தெஹிவளைப் பக்கத்திலிருந்து ரயில் வந்தது. எங்கள் ஒழுங்கை ஒரு சின்னச் சந்து; அதன் முடிவில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது எங்கள் யன்னல் கண்ணாடிகள் நடுங்கும், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் மயூரியின் உதடுகள் அசைந்தன. அவள் ஏதோ ஒரு முழு வசனத்தைச் சொல்லி முடித்தாள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ரயில் போனபின் பார்த்தால் அவள் இரண்டு காலையும் சேர்த்து மூன்றில் நின்றுகொண்டிருந்தாள்.

வெயில் எரிக்கும் காலை பத்து மணி. எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

எண்ணை மிதிக்கலாமா?

பயிற்சிக் கல்லூரிக்கு நான் எடுபடாத கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். பிறகு எப்படித்தான் டீச்சரானீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். திரேசா மிஸ்ஸின் புண்ணியத்தில்தான். ஓய்வு பெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய பழைய வீடு. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, பத்திரங்கள் சரியில்லாமல், பள்ளிக்கூடங்களில் இடம் கிடைக்காமல் நின்ற சின்னப் பிள்ளைகளுக்காக முன்கூடத்தில் வகுப்பு நடத்தினார். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஏழரைக்கு வந்து சேர்வேன்.

“உனக்குச் சான்றிதழ் இல்லாட்டி என்ன, பொறுமை இருக்கு” என்பார் மிஸ்.

எண்கோடு அவர் சொல்லித் தந்ததுதான். விரல் மடித்து எண்ணும் பிள்ளைக்குப் பத்துக்கு மேல் விரல் இல்லை. கோட்டுக்கு அந்தக் குறை கிடையாது. கூட்டல் என்றால் கடல் பக்கம் நடக்க வேண்டும். கழித்தல் என்றால் வாசல் பக்கம் பின்னுக்கு நடக்க வேண்டும். நாலும் மூன்றும் என்றால் நாலில் நின்று மூன்று அடி. எல்லாப் பிள்ளைகளும் முதலில் விடுகிற பிழை ஒன்றுண்டு. நிற்கிற இடத்தையே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுவார்கள். ஏழுக்குப் பதில் ஆறில் போய் நிற்பார்கள். “நிக்கிற இடத்தை எண்ண வேணாம், வைக்கிற அடியை எண்ணு” என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வேன்.

முதல் வாரமே ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். “எண்ணும் எழுத்தும் சரஸ்வதி. அதைக் காலாலை மிதிக்க விட்டுப் படிப்பிக்கிறியளோ?” மிஸ் வேதக்காரி, கிறிஸ்தவர். ஆனாலும் அவருக்கு நியாயம் விளங்கியது. அன்று பின்னேரமே கோட்டில் இருந்த எண்களை அழித்து, கோட்டுக்குப் பக்கத்தில் தள்ளி எழுதினோம். பிள்ளைகள் மிதிப்பது வெறும் கோட்டை மட்டும்.

வீட்டு ஆட்களை எண்ணுகிற யோசனை என்னுடையது. அந்த நாட்களில் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஓயாமல் கூடிக் குறைந்துகொண்டிருந்தது அதுதான். மாமியும் மாமாவும் வந்தாங்க, இரண்டு அடி முன்னுக்கு. சித்தப்பா கனடா போயிட்டார், ஓரடி பின்னுக்கு. கெட்டிக்கார யோசனை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

ரயில் வரும்வரை

அதற்குப் பிறகு நான் மயூரியைக் கவனிக்கத் தொடங்கினேன்.

ஆறு வயது. தாய் தகப்பனோடு ஒழுங்கையின் கடைசி வீட்டில் மேல்மாடி. தண்டவாளத்துக்கு அவ்வளவு கிட்ட வேறு வீடு இல்லை. தாய் பரமேஸ்வரி காலையில் கொண்டுவந்து விடுவார், பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிப் போவார். ஒரு சொல் மிச்சமாகப் பேச மாட்டார்.

மயூரி வகுப்பில் குசுகுசுப்பாகத்தான் பேசுவாள். ரயில் வந்தால் மட்டும் வாயைத் திறந்து சத்தமாகப் பாடுவாள். இரைச்சல் ஓய்வதற்கு ஒரு கணம் முன்னால் நிறுத்திவிடுவாள். அந்தக் கணக்கு ஒரு நாளும் பிழைக்கவில்லை.

ஒரு நாள் அவளுக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு இருந்தாள். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. “தும்மு பிள்ளை, ஒண்டும் இல்ல” என்றேன். தலையை ஆட்டினாள். ரயில் வந்தபிறகுதான் கையை எடுத்தாள்.

“மயூரியிட வீட்டில பேய் இருக்காம் டீச்சர்” என்றான் ஒரு பயல். “அவள்தான் சொன்னவள். அது சோறு தின்னுமாம். ரெயில் வந்தாத்தான் நடக்குமாம்.”

மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. மயூரி தன் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மிஸ்ஸிடம் சொன்னேன்.  “செத்த பிள்ளை ஒண்டு இருக்கும். சின்னதுகள் செத்தவங்கள லேசில விடாது” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. என்றாலும் நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த அசையும் உதடுகள்தான் கண்முன் வந்தன.

மாலை போட்ட படம்

மயூரி மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வகுப்பு முடிந்ததும் அவளுடைய கொப்பிகளை எடுத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில். ஒழுங்கையில் ஒரு சனமில்லை, காகங்கள் மட்டும் மதிலில் இருந்தன.

படியேறிக் கதவைத் தட்டினேன். உடனே திறக்கவில்லை. உள்ளே ஏதோ பாரமான சாமான் நகர்கிற சத்தம் மெல்லக் கேட்டது. பிறகு பரமேஸ்வரி கதவைத் திறந்தார்.

“காய்ச்சல் டீச்சர். இப்ப பரவாயில்லை. இருங்கோ.”

ஒரே ஒரு கூடம், அடுப்படி, குளியலறை. கூடத்தின் ஒரு மூலையில் மரஅலுமாரி. மயூரி பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் ஓர் இளைஞனின் படம். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். மெல்லிய மீசை, ஒரு புருவத்தில் வெட்டுத் தழும்பு. படத்துக்குப் புது மல்லிகை மாலை, கீழே சின்ன விளக்கு எரிந்தது.

“மூத்தவன்” என்றார் பரமேஸ்வரி. “ஊரிலை, ஷெல்லிலை.”

மிஸ் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். அனுதாபமாக ஏதோ சொன்னேன். அவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அப்போதுதான் ரயில் வந்தது.

வீடே அதிர்ந்தது. அந்த அதிர்வுக்குள் யாரோ இருமினார்கள். நெஞ்சில் நெடுநேரம் அடக்கிவைத்த, ஓர் ஆம்பிளையின் இருமல். அலுமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. பரமேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் வெட்டவில்லை. ரயில் போனது. இருமல் பாதியில் அறுந்து நின்றது.

“தேத்தண்ணி ஆறப்போகுது டீச்சர்.”

நான் குடித்தேன். சூடு தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. கொப்பிகளைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவர் சாமான் வாங்க வேண்டும் என்று கூடவே இறங்கி, ஒழுங்கை முனையிலிருந்த கடைக்குப் போனார். பாதி வழியில்தான் குடையை மேலேயே விட்டுவிட்டேன் என்று நினைவு வந்தது. திரும்பிப் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினேன்.

மயூரியின் தலைமாட்டில் அந்த இளைஞன் இருந்தான்.

ஈரத்துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தான். அதே மீசை. புருவத்தில் அதே தழும்பு. அவனுடைய தலைக்கு மேலே அவனுடைய படம், மாலையோடு. வெயிலே படாத தோல், அவித்த கிழங்கின் நிறம். பேய்க்குப் பயந்தவள் இல்லை நான். ஆனால் அந்த இரண்டு முகத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பார்த்தபோது அவன் கால் தரையில் படுகிறதா என்றுதான் கண் போயிற்று.

அவன் ஓடவில்லை. கத்தவுமில்லை. டீச்சரைக் கண்டால் பள்ளிக்கூடத்தில் எழும்புவது போல எழுந்து நின்றான்.

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு பக்கத்துக்கும்

படியின் கீழே பரமேஸ்வரி நின்றார். கையில் பாண் ரொட்டி. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஆமிப் பக்கத்துக்கு அவன் இயக்கத்திலை இருந்தவன். மற்றப் பக்கத்துக்கு அவன் விட்டிட்டு ஓடிவந்தவன். ரெண்டு பக்கத்துக்கும் செத்தால்தான் டீச்சர் அவன் உயிரோடை இருக்கலாம்.”

அலுமாரிக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. வீட்டில் இருப்பவர்கள் என்று பொலிஸில் பதிந்ததில் மூன்று பேர். ஊருக்கெல்லாம் செத்த செய்தி சொல்லி, திகதி சொல்லி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் செய்தாகிவிட்டது. மகன் சுதன் ரயில் போகிற நேரத்தில் மட்டும் நடப்பான், குளிப்பான், இருமுவான். எட்டு மாதமாக அப்படித்தான்.

“பிள்ளைக்கு எண்ணப் படிப்பிக்கிறியள். நல்லது. எங்கடை வீட்டை மட்டும் எண்ணாமல் விடுங்கோ.”

“இனி எண்ண மாட்டேன் அக்கா. சத்தியமா.”

ஆனால் நான் எண்ணினேன். அதைத்தான் இந்த வாரம் எழுதவேண்டியிருக்கிறது.

பயம்தான் காரணம். ஒழுங்கை ஒழுங்கையாகச் சோதனை நடந்துகொண்டிருந்த காலம். யாராவது கேட்டால் பிள்ளை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிடும். அதனால் மயூரி சுகமாகி வந்தபின், வகுப்பு முடிந்து தாய் வரும்வரையான கால் மணித்தியாலத்தில், அவளைத் தனியாகக் கோட்டில் நிறுத்திப் பழக்கினேன்.

“நாலில் நில்லு. ஓரடி பின்னுக்கு வை. எத்தன?”

“மூண்டு.”

“உங்க வீட்டில எத்தன பேர்?”

“மூண்டு.” சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அந்த ஒராள் எங்கை போறார் டீச்சர்?”

“எங்கயும் போறதில்ல பிள்ளை. எண்ணல்ல, அவ்வளவுதான்.”

“எண்ணாட்டி அவருக்குக் கவலையா இருக்காதோ?”

 “திரும்ப நில்லு” என்றேன். ஒரு வாரத்தில் அவள் தடுமாறாமல் நிற்கப் பழகிவிட்டாள். என் வாழ்நாளில் நான் வேண்டுமென்றே படிப்பித்த ஒரே பிழையான விடை அது.

ஒழுங்கை அடைபட்ட காலை

இரண்டு வாரம் கழித்து, வகுப்புத் தொடங்கிச் சற்று நேரத்தில் ஆமியும் பொலிஸும் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள். வீடு வீடாகச் சோதனை. எங்கள் கூடத்துக்குள்ளும் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் நடுத்தர வயது, கையில் பெயர்ப்பட்டியல். மரியாதையாகத்தான் பேசினார், கொஞ்சம் தமிழும் தெரிந்தது.

“பய வென்ன எப்பா மிஸ்” என்றார் என்னிடம், சிங்களத்தில். பயப்படாதே என்று சொல்லும் அளவுக்கு என் முகம் இருந்திருக்க வேண்டும்.

தரையிலிருந்த எண்களைப் பார்த்துச் சிரித்தார். “இது என்னா?”

நான் வாயைத் திறக்குமுன் பதினொன்றுக்காரி முந்திக்கொண்டாள். “நாங்க வீட்டு ஆக்களை எண்ணுறது, சேர். எத்தன பேரோ அதில நிக்கிறது.”

“ஹரி, சரி. அப்ப நில்லுங்க பாப்பம்.”

பிள்ளைகள் ஓடினார்கள். அவர் பட்டியலை விரித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டார். எண்ணைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். என் கெட்டிக்கார யோசனை என் கண்முன்னால் வேறொருவருக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 

மயூரி மூன்றில் நின்றாள். கால்கள் சேர்ந்திருந்தன. யன்னலைப் பார்க்கவில்லை. அவர் குனிந்து, “வீட்டில வேற யாரும் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றாள். குசுகுசுப்பாக இல்லை, எல்லோருக்கும் கேட்கத் தெளிவாக.

அந்த நேரம் ரயில் வந்தது. அவள் பாடவில்லை. உதடும் அசையவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். மிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மயூரியைக் கட்டிப்பிடித்தேன். கெட்டிக்காரி என்றேன். அவள் என்னை விளங்காமல் பார்த்தாள்.

அன்று பன்னிரண்டு மணிக்குத் தாய் வரவில்லை, தகப்பன் வந்தார். அடுத்த நாளும் அப்படியே. மயூரி இப்போது சாதாரணமாகப் பேசினாள், நினைத்த நேரத்தில் தும்மினாள். பயம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

பத்து நாள் கழித்துப் பரமேஸ்வரி மிஸ் வீட்டு வாசல் படலையடியில் நின்றார்.

“அவனைக் காணேல்லை டீச்சர்.”

சோதனை நடந்த அன்று காலையில் அவர் மயூரியை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அலுமாரி தன் இடத்தில் இருந்தது. அவன் உள்ளே இருக்கிறான் என்றுதான் நினைத்தார். அவர்கள் வந்தார்கள். அலுமாரியைத் தள்ளினார்கள்.

“நான் கண்ணை மூடிக்கொண்டன். ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தா, பாய் சுத்தி வைச்சிருக்கு, ஆளில்லை. அவங்களும் ஒண்டும் கேக்காமல் போயிட்டாங்கள். ஆரும் பிடிக்கேல்லை. ஆரும் காணேல்லை.” அவர் குரலில் அழுகை இல்லை. “செத்தவனைக் காணேல்லை எண்டு எந்தப் பொலிசிலை போய் எழுதுறது டீச்சர்?”

அன்று நான் மயூரியிடம் கேட்டேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். அந்த அதிகாரி கேட்டபோது பயமில்லாமல் எப்படிச் சொன்னாய் என்று.

“அண்டைக்கு மூண்டு பேர்தானே டீச்சர்” என்றாள். “விடிய அம்மா குளிக்கேக்கை அண்ணா வந்து எனக்குச் சப்பாத்து நாடா கட்டிவிட்டவர். பிறகு ரெயில் வந்தது. ரெயில் போனாப் பிறகு அவர் இல்லை.”

“உங்கிட்ட ஒண்டும் சொல்லல்லயா?”

“முதல் நாள் நான் அவருக்கு நிண்டு காட்டினனான். மூண்டிலை நேரா நிக்கிறன் எண்டு. நல்லா நிக்கிறாய் எண்டு சொன்னவர்.”

சோதனை வரப்போவது அவனுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தங்கை தன்னைக் கழித்துக் காட்டியதைப் பார்த்துத்தான் போனானா, எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இத்தனை வருடம் போயிற்று. அன்று பின்னேரம் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தேன். அதற்குப் பிறகு புளியங்கொட்டையை வைத்துத்தான் கணக்குப் படிப்பித்தேன்.

கடைசியாகக் கண்டவர்

அந்தக் குடும்பம் அடுத்த வருடம் வெளிநாடு போனது. மகன் ஊரில் ஷெல்லடியில் இறந்தான் என்று எழுதிக்கொடுத்துத்தான் அங்கே அனுமதி பெற்றார்கள். எழுதிக்கொடுத்ததைப் பிறகு மாற்ற முடியாது. மாற்றினால் மிச்சமிருக்கிற பிள்ளையின் வாழ்க்கையும் போய்விடும்.

சென்ற ஆண்டு கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் சொன்னபிறகுதான் தெரிந்தது. தகப்பன் இறந்து பல வருடம். தாய் அதற்கு முந்தின மாதம்தான் இறந்திருந்தார்.

“ஒண்டு கேக்கத்தான் வந்தனான் டீச்சர்” என்றாள் மயூரி. “அண்ணா கொழும்பிலை எங்களோடை இருந்தவரோ? அம்மா கடைசிவரைக்கும் இல்லை எண்டுதான் சொன்னவா. நீ சின்னப்பிள்ளை, கனவு கண்டிருப்பாய் எண்டு. எனக்கு இப்ப ஞாபகமோ கற்பனையோ தெரியேல்லை. சப்பாத்து நாடா கட்டின கை மட்டும் தெரியுது, முகம் தெரியேல்லை.”

“இருந்தார்” என்றேன். “உங்களுக்குக் காய்ச்சல். நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டு இருந்தார். என்னக் கண்டதும் எழும்பி நிண்டார்.”

 “அப்ப நாங்கள் வருஷா வருஷம் செய்த திவசம்?” என்றாள்.

“அந்தத் திகதி அம்மா சொன்ன திகதி பிள்ளை.”

அவள் திரும்பிப் போகவில்லை. காணாமல் போனவர்களைப் பதிகிற அலுவலகம் ஒன்றுக்குப் போக வேண்டும், கூட வருவீர்களா என்று கேட்டாள். போனோம். நீண்ட வரிசை. எல்லோர் மடியிலும் ஒரு படம். எங்கள் முறை வந்தபோது எழுதிக்கொண்டிருந்த பெண் படிவத்திலிருந்து தலையெடுக்காமல் கேட்டாள், “கடைசியாக் கண்டது யார்?”

“நான்” என்றாள் மயூரி. “அப்ப எனக்கு ஆறு வயது.”

“சின்னப்பிள்ளைச் சாட்சி போதாதும்மா. பெரியாக்கள் ஒருத்தர் வேணும்.”

நான் என் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன், ஒழுங்கையின் கடைசி வீடு, மேல்மாடி, உச்சி வெயில், எல்லாவற்றையும். அவள் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“உயிரோடதான் கண்டீங்களா?”

“ஓம். உயிரோடதான் கண்டேன்” என்றேன். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.